வெயில் தண்ணீரைச் சுத்தம் செய்யுமா?



சென்ற மாதம் ஒரு விற்பனையாளர் நம் அலுவலகத்துக்கு வந்திருந்தார். 'நானோ' கருவி ஒன்றைக் காட்டி, இதைத் தண்ணீர்த் தொட்டியில் பொருத்தினால் வெயிலே தண்ணீரைச் சுத்தமாக்கிவிடும், மின்சாரமும் வேண்டாம், மருந்தும் வேண்டாம் என்றார். கேட்ட விலையோ பெரியது. அறக்கட்டளைப் பணம் உங்கள் அமானிதம். எனவே அவருக்கு உடனே பதில் சொல்லாமல், இது பற்றிப் படித்துப் பார்த்தேன். தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

அவர் சொன்னது முழுப் பொய் அல்ல. இதன் அடிப்படை உண்மையானது.

செம்பு மின்சாரத்தைக் கடத்தும், கண்ணாடி கடத்தாது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது குறைக்கடத்தி. செல்போனும் சோலார் பலகையும் இதைக் கொண்டே வேலை செய்கின்றன. குறைக்கடத்தியின் மேல் போதிய வலுவுள்ள ஒளி பட்டால், உள்ளே கட்டுண்டு கிடக்கும் எலெக்ட்ரான் துள்ளி எழும். அது இருந்த இடம் காலியாகும். எலெக்ட்ரானும் அந்தக் காலியிடமும் மேற்பரப்புக்கு வந்துவிட்டால், தண்ணீரோடும் அதில் கரைந்துள்ள ஆக்சிஜனோடும் வினைபுரிந்து, வேகமாகத் தாக்கும் மூலக்கூறுகளை உண்டாக்கும். அவை சாயத்தை உடைக்கும், கிருமியைக் கொல்லும். இப்படி ஒளியின் துணையோடு வினையை நடத்திவைக்கும் பொருளுக்கு ஒளி வினையூக்கி என்று பெயர்.

1972இல் ஜப்பானின் ஃபுஜிஷிமா, ஹோண்டா இருவரும் டைட்டானியம் டை ஆக்சைடின் மேல் ஒளி பாய்ச்சித் தண்ணீரையே பிரித்துக் காட்டினர். வெள்ளை பெயின்டில் சேர்க்கும் பொருள்தான் அது. ஆனால் அதற்குப் புற ஊதாக் கதிர் வேண்டும். வெயிலில் அது நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே உண்டு.

ஏன் மெல்லிய தாள்?

இன்னொரு சிக்கலும் இருந்தது. தடித்த துகளின் உள்ளே எழும் எலெக்ட்ரான், மேற்பரப்பை அடையும் முன்பே காலியிடத்தோடு மறுபடி சேர்ந்துவிடும். பட்ட ஒளி வீணாகும். பெரிய மண்டபத்தின் நடுவில் இருப்பவர் வாசலுக்கு வர நேரமாகும், திண்ணையில் இருப்பவருக்கு ஓர் அடி போதும். அதுபோல, சில அணுக்களின் தடிமனே உள்ள தாளாக்கினால், பொருள் முழுவதும் மேற்பரப்பாகிவிடும்.

2004இல் மான்செஸ்டரில் கெய்ம், நோவோசெலோவ் இருவரும் ஒட்டும் டேப்பைக் கொண்டு கிராஃபைட்டிலிருந்து ஓர் அணுத் தடிமன் கொண்ட கிராஃபீன் தாளை உரித்தெடுத்தனர். 2010இல் நோபல் பரிசு பெற்றனர். கிராஃபீன் குறைக்கடத்தி அல்ல. அதன்பின் குறைக்கடத்தித் தாள்களைப் பற்றிய ஆய்வுகள் பெருகின.

ஒன்று மாலிப்டினம் டை சல்பைடு. ஜீப் மெக்கானிக்குகள் பயன்படுத்தும் சில கறுப்பு கிரீஸ்களில் இது உண்டு. 2013இல் பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் சி.என்.ஆர். ராவ் குழுவினர், இதன் ஒற்றை அடுக்கைக் கொண்டு கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே ஹைட்ரஜன் உண்டாக்கினர். மற்றொன்று கார்பன் நைட்ரைடு. நாம் வயலுக்குப் போடும் யூரியாவைச் சுமார் 550 டிகிரி சூட்டில் வைத்தால் கிடைக்கும் மஞ்சள் தூள். (நச்சுப் புகை வரும். வீட்டில் யாரும் முயல வேண்டாம்.)

எங்கே தடுக்கிறது?

நம் மாவட்டத்தில் குமாரபாளையம், பள்ளிபாளையம் சாயப்பட்டறைக் கழிவு காவிரியில் கலப்பது நெடுநாள் புகார். திருப்பூரில் 2011இல் உயர் நீதிமன்றமே சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. நாம் உடுத்தும் கைலியின் நிறத்துக்குப் பின்னால் இந்தக் கதையும் இருக்கிறது. ஒளி வினையூக்கி அங்கே உதவக்கூடும். ஆனால் சாயக் கழிவில் நிறைய உப்பு இருக்கும், அதை இது நீக்காது. ஈயம் போன்ற உலோகத்தையும் உடைக்க முடியாது. கலங்கிய தண்ணீரில் ஒளி இறங்காது. கலந்த தூளைத் திரும்பப் பிரித்தெடுப்பதும் கடினம்.

நிறம், சுவை, வாசனை மூன்றையும் பார்க்க வேண்டும் என்று மதரஸாவில் படித்தோம். ஒளு செய்யும் தண்ணீருக்கு அது அளவுகோல். குடிக்கும் தண்ணீருக்கு அது மட்டும் போதாது. சாயத்தின் நிறம் போனாலும் உடைந்த துண்டுகள் தண்ணீரில் தங்கலாம். ஆய்வகப் பரிசோதனை ஒன்றே அதைச் சொல்லும்.

நம் முடிவு

விற்பனையாளரிடம் நான்கு கேள்விகள் கேட்டோம். உள்ளே இருக்கும் பொருள் எது? எந்த ஆய்வகம் பரிசோதித்தது? கிருமியா, சாயமா, எதை நீக்கும்? அந்தத் தூள் குடிதண்ணீரில் கலக்காது என்பதற்கு என்ன ஆதாரம்? இதுவரை பதில் இல்லை. எனவே இப்போதைக்கு வாங்குவதில்லை என்று முடிவு செய்துள்ளோம். வீடு வீடாக வந்து விற்றால் நீங்களும் இவற்றையே கேளுங்கள்.

எடப்புளி நாட்டில் நமக்குச் சாயக் கழிவு பிரச்சினை இல்லை. மழைக்காலக் கலங்கலும் கிருமியுமே கவலை. தண்ணீரை வடிகட்டி, நன்றாகக் கொதி வந்தபின் ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். விறகு இல்லாத நாளில், தெளிந்த தண்ணீரை இரண்டு லிட்டருக்கு மேற்படாத, நிறமற்ற பெட் பாட்டிலில் நிரப்பி, நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் படுக்க வையுங்கள். மேகமூட்டமானால் இரண்டு நாள் வேண்டும். தொடர்மழையில் இந்த முறை உதவாது. இது கிருமிக்கு மட்டுமே, பூச்சிமருந்து கலந்த தண்ணீருக்கு அல்ல.

பள்ளியில் அறிவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். மேலே சொன்ன தடைகளை நீக்கும் ஒருவர், இன்ஷா அல்லாஹ், நம் பிள்ளைகளில் இருந்தும் வரலாம்.

வஸ்ஸலாம்.
செயலாளர்