அச்சேறாத ஆய்வை யார் மீளப் பெறுவது?

மட்டக்களப்பு மாவட்டத்தின் காத்தான்குடி, கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள மணல் நிலம். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். கொவிட்டால் இறந்த முஸ்லிம்களின் உடல்களை (ஜனாஸாக்களை) அடக்கினால் நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்று 2020இல் சொல்லப்பட்டபோது, கிணற்றை நம்பி வாழும் ஊருக்கு அது நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு விடை தந்த ஆய்வு எங்கே?

அதே காலத்தில் உலகம் வேறொரு ஆய்வைப் பார்த்துக்கொண்டிருந்தது. 2020 மே 22இல் 'லான்செட்' இதழ், 671 மருத்துவமனைகளின் 96,032 கொவிட் நோயாளிகளை ஆராய்ந்ததாகச் சொன்ன கட்டுரையை வெளியிட்டது. ஹைட்ரொக்சிகுளோரோகுயின் மருந்து கொடுக்கப்பட்டவர்களில் மரணம் அதிகம் என்றது அது. மூன்றாம் நாளே உலக சுகாதார நிறுவனம் அம்மருந்துப் பரிசோதனையை இடைநிறுத்தியது. படித்த ஆய்வாளர்கள் கணக்கில் ஓட்டையைக் கண்டார்கள்: அவுஸ்திரேலியாவில் அதுவரை பதிவான மொத்த கொவிட் மரணங்களைவிட, கட்டுரையில் அந்நாட்டுக்குக் காட்டிய மரணங்கள் அதிகம். மூலத் தரவைக் கேட்டார்கள். தரவை வைத்திருந்த 'சர்ஜிஸ்பியர்' நிறுவனம் சுயாதீனப் பரிசோதகர்களுக்குக் கொடுக்க மறுத்தது. ஜூன் 4இல் கட்டுரை மீளப் பெறப்பட்டது. கொவிட்டுக்கு அம்மருந்து பயனற்றது என்பது பிறகு முறையான பரிசோதனைகளில்தான் உறுதியானது. பதின்மூன்று நாளில் பொய் விழுந்ததற்குக் காரணம், அது அச்சில் எல்லோர் கண்முன்னும் இருந்ததுதான்.

இலங்கையில் அப்படி எதையும் சரிபார்க்க முடியவில்லை. 2020 ஏப்ரல் 11 வர்த்தமானி தகனத்தைக் கட்டாயமாக்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அடக்கத்தையும் ஏற்றிருந்தது. சார்ஸ் வைரஸைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான இலங்கையர் மலிக் பீரிஸ், கொவிட் தண்ணீரால் பரவும் நோயல்ல என்று விளக்கினார். உயிரற்ற உடலில் வைரஸ் பெருக முடியாது. தகனத்தை வலியுறுத்திய தரப்பு ஆய்வுக் கட்டுரை எதையும் முன்வைக்கவில்லை. கேள்வி கேட்கத் தரவும் இல்லை, முறையியலும் இல்லை. அந்த ஆண்டு டிசம்பரில், பிறந்து இருபது நாளே ஆன ஒரு குழந்தையின் உடல்கூட எரிக்கப்பட்டது. நினைக்கும்போது இன்றும் மனம் பொறுக்கவில்லை.

2021 பெப்ரவரியில்தான் அடக்கத்தை அனுமதிக்கும்படி வர்த்தமானி மாறியது. மார்ச்சில் இதே மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன, நாடெங்கிலுமிருந்து கொண்டுவரப்பட்டு. 2024 ஜூலையில் கட்டாயத் தகனத்துக்காக அமைச்சரவை மன்னிப்புக் கோரியது.

மருத்துவ இதழ் ஒரு கட்டுரையை மீளப் பெறும்போது யார் பெறுகிறார், ஏன் பெறுகிறார் என்பதையும் அச்சிட வேண்டும் என்பது நெறி. அரசின் மன்னிப்பிலும் அதே விவரம் வேண்டும்: எரிக்கச் சொன்ன ஆலோசனையை யார் கொடுத்தார்கள், எந்த நீர் மாதிரியை எங்கே அளந்து கொடுத்தார்கள்?