சிங்கப்பூர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தமிழரின் அண்டைவாழ்வும் பூசல் தீர்வும்

முன்னுரை

சிங்கப்பூர்த் தமிழரின் சமூக வாழ்வை ஆராய்வோர் கோயில், பள்ளி, சங்கம் ஆகியவற்றையே பெரிதும் நோக்குவர். ஆயின், அந்நாட்டில் வாழ்வோருள் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கின்றனர். தமிழர் பிற இனத்தாரோடு நாள்தோறும் பழகுவதும் சிலவேளை பிணங்குவதும் அங்கேதான். அப்பிணக்குகளின் தன்மையையும் அவற்றைத் தீர்க்கும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இன விகிதமும் அண்டை வீடும்

1960இல் தோற்றுவிக்கப்பட்ட இக்கழகம், கம்பங்களிலும் நெரிசல் மிகுந்த கடைவீடுகளிலும் வாழ்ந்தோரை மாடி வீடுகளில் குடியமர்த்தியது. ஓரினத்தார் ஓரிடத்தில் குழுமுவதைத் தவிர்க்க, 1989 மார்ச்சில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. ஒரு கட்டடத்தில் இந்தியருக்கும் பிறருக்கும் சேர்த்து 13 விழுக்காடு என அப்போது விதிக்கப்பட்ட வரம்பு, 2010இல் 15 விழுக்காடாக உயர்ந்தது. எனவே, ஒரு தமிழ்க் குடும்பத்தின் அண்டை வீட்டார் பெரும்பாலும் வேற்றினத்தாராகவே இருப்பர். சீனர்க்குரிய வரம்பு நிறைந்த கட்டடத்தில் தமிழர் தம் வீட்டைச் சீனருக்கு விற்கவும் இயலாது. வாங்குவோர் வட்டம் சுருங்குவதால், அயலாரோடு ஒத்துப்போகாதவர் வீடு மாறிச் செல்வதும் எளிதன்று.

கீழ்த்தளமும் தாழ்வாரமும்

பல கட்டடங்களின் கீழ்த்தளம் வீடுகளின்றித் திறந்த கூடமாக விடப்பட்டிருக்கிறது. மலாய்த் திருமணமும் சீனர் இறுதிச் சடங்கும் அங்கு நிகழ்கின்றன. முன்னனுமதி பெற்று, குறித்த நாள்களில் நடப்பவை என்பதால் அயலார் அவற்றைப் பொறுத்துக்கொள்கின்றனர். மேல்தளத் தாழ்வாரத்தின் நிலை வேறு. அங்கு வாசற்கோலம், செருப்பு அடுக்கு, பூந்தொட்டி, ஊதுவத்திப் புகை, தாளிப்பு மணம் ஆகியவை அன்றாடம் எல்லை கடக்கின்றன. இவற்றுக்கு நாளும் நேரமும் குறிப்பாரில்லை.

கறி மணமும் பொதுச் சினமும்

சீனாவிலிருந்து குடியேறிய ஒரு குடும்பம், அண்டையிலிருந்த இந்தியக் குடும்பத்தின் கறி மணம் குறித்து முறையிட்டது. சமரசப் பேச்சின் முடிவில், அயலார் வீட்டில் இல்லாத வேளையில் கறி சமைப்பதாக இந்தியக் குடும்பமும், கறியைச் சுவைத்துப் பார்ப்பதாக மற்றக் குடும்பமும் உடன்பட்டன. முன்னரே முடிந்த இந்நிகழ்வு 2011 ஆகஸ்டில் செய்தியானபோது பெருஞ்சினம் மூண்டது. அம்மாதம் 21ஆம் நாள் நாடெங்கும் கறி சமைக்குமாறு இணையவழி அழைப்பு விடுக்கப்பட்டது. சீனரும் மலாயரும் அதில் இணைந்தனர். அங்கு எழுந்த பிளவு சீனர், இந்தியர் என்ற இனப்பிளவன்று. நெடுநாள் வாழ்ந்தோர், புதிதாக வந்தோர் என்ற பிளவே. தமிழகத்திலிருந்து அண்மையில் குடியேறியவர்களும் அப்பிளவின் மறுபக்கத்தில் நிற்க நேரும் என்பது கருதத்தக்கது.

சட்டத்தின் நோக்கு

முதலாவது சமூக சமரச நிலையம் 1998இல் திறக்கப்பட்டது. சமரசம் பயனளிக்காத வழக்குகளை விசாரிக்க 2015இல் தனி நடுவர் மன்றம் அமைந்தது. ஓசை, மணம், புகை ஆகியவற்றின் மிகுதியை இடையூறெனக் கொள்ளும் சட்டம், 20,000 வெள்ளி வரை இழப்பீடு வழங்க இடமளிக்கிறது. மணம் மிகுதியா என்பதே சட்டத்தின் வினா. சமைக்கும் குடும்பத்துக்கோ அது தாய்வீட்டு உணவு. இவ்விரு நோக்குகளையும் ஒருசேரக் கேட்கும் வாய்ப்பு நடுவர் மன்றத்தைவிடச் சமரச மேசையிலேயே மிகுதி.

முடிவுரை

விகிதம் வகுத்து மக்களை அருகருகே குடியமர்த்த அரசால் இயலும். அயலாரை அறிமுகமானவராக்குவது தாழ்வாரத்தில் வசிப்போரின் பணி. எனினும், ஒரு கட்டடத்தில் எப்போதும் சிறுபான்மையராகவே இருக்குமாறு அமைக்கப்பட்ட இனத்தார், விட்டுக்கொடுப்பதிலும் எப்போதும் முதல்வராக இருக்க வேண்டியதில்லை. கறி விவகாரத்தில் ஒரு குடும்பம் தன் சமையல் நேரத்தையே மாற்றியது. மற்றது ஒருமுறை சுவைத்துப் பார்க்க இசைந்தது. இவ்விரண்டும் ஈடாகுமா என்பதைச் சமரசம் செய்வோர் எடைபோடுதல் வேண்டும்.