சாயங்காலம் கூண்டுக்கு வராத சிங்கம்! வண்டலூர் சபாரியில் 2 நாள் பரபரப்பு

சென்னை,

போலீஸ் பாஷையில் சொன்னால் "தலைமறைவு". ஆள் பெயர் ஷெர்யார். வயது 5. பெங்களூர் பன்னேர்கட்டாவிலிருந்து வந்த ஆண் சிங்கம்.

2025 அக்டோபர் முதல் வாரம், வண்டலூர் பூங்காவின் சபாரிக் காட்டில் உலாவ விட்ட இந்தச் சிங்கம், பொழுது சாய்ந்தும் கூண்டுக்குத் திரும்பவில்லை. சபாரிக்கு அது புதுசு. "சிங்கம் தப்பிச்சுடுச்சாம்" என்று ஊரெல்லாம் பேச்சு. கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வேறு பக்கத்தில்தானே!

ஊழியர்கள் வலைவீசித் தேடினார்கள். டிரோனும் பறந்தது. 2 நாள் கழித்து சிங்கம் தானாகவே வந்து சேர்ந்தது. அது வெளியே போகவே இல்லை. சுமார் 50 ஏக்கர் சபாரிக் காட்டுக்குள்ளேதான் இருந்திருக்கிறது.

பசிதான் கயிறு

சபாரியில் மனிதன் கம்பி போட்ட வண்டிக்குள், மிருகம் வெளியே. ஆனால் ராத்திரி அதற்கும் ஒரு வீடு உண்டு. இரை அங்கேதான் கிடைக்கும். டாக்டர் பார்ப்பதும், தலையை எண்ணுவதும் அங்கேதான். சங்கிலியா, கயிறா? ஒன்றும் கிடையாது. பசிதான் இழுத்து வர வேண்டும்.

சென்ட்ரல் பக்கத்தில், பார்க் டவுனில் இருந்த பழைய மிருகக்காட்சி சாலை பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அங்கே நெருக்கடி. அதனால்தான் 1979-ல் வண்டலூர் காட்டில் 1,265 ஏக்கர் ஒதுக்கினார்கள். 1985 ஜூலை 24-ந் தேதி முதல்-அமைச்சர் எம்.ஜி.ஆர். திறந்து வைத்தார்.

இடம் பெரிதானால் ஒளியவும் இடம் உண்டு. புதர் இருந்தால் சிங்கத்துக்குக் கொண்டாட்டம். டிக்கெட் வாங்கினவருக்குக் கோபம். "காசு கொடுத்தோம், சிங்கத்தைக் காணோமே!"

இந்தக் கோபத்துக்குப் பயந்து திட்டம் போட்டால் காட்டுக்கே ஆபத்து. உத்தரகாண்டில், கார்பெட் புலிகள் காப்பகத்தில், பாக்ரோ என்ற இடத்தில் புலி சபாரி அமைக்கப் போனார்கள். வெட்ட அனுமதி 163 மரங்களுக்கு. வெட்டியதோ 6 ஆயிரத்துக்கும் மேல் என்று இந்திய வன ஆய்வு நிறுவனம் கணக்குச் சொன்னது! 2024 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு வெளுத்து வாங்கிவிட்டது. புலியைக் காட்டுவதற்காகப் புலியின் வீட்டையே இடித்த கதை.

வண்டலூரில் புதருக்குள் 2 நாள் படுத்துக் கிடந்த ஷெர்யார், காடு இன்னும் காடாக இருக்கிறது என்றாவது காட்டிக்கொடுத்தது.

பார்க்கப் போகிறவர்கள் செவ்வாய்க்கிழமை போய் ஏமாறாதீர்கள். அன்று பூங்காவுக்கு லீவு.