உப்புக் காற்றும் பழைய மோட்டார் சைக்கிளும்

ஞாயிற்றுக்கிழமை காலை. கோயில் மணி ஓய்ந்து, மீன்காரரின் குரலும் தெருக்கோடியில் மறைந்த பின்னர், திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்துள்ள எங்கள் வீட்டு முற்றத்திலிருந்து ஓர் ஓசை எழும். முதியவர் ஒருவர் நிதானமாக இருமுவது போன்ற ஓசை அது. எங்கள் பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள் அன்றைக்கும் உயிர் பெற்றுவிட்டது என்பதே அதன் பொருள்.

சென்ற ஆண்டில் அவ்வோசை அடியோடு நின்றுபோக இருந்தது. கடற்கரை விடுதி ஒன்றின் முகப்பில் அலங்காரமாக நிறுத்திவைப்பதற்கு அவ்வண்டியை நல்ல விலைக்குக் கேட்டார்கள். வண்டியோ அக்காலத்தில் நடுவழியில் நின்று நின்று எங்கள் பொறுமையைச் சோதித்துக்கொண்டிருந்தது. "விற்றுவிட்டால் என்ன?" என்ற கேள்வி வீட்டில் எழுந்தது. அக்கேள்விக்கு விடை கிடைத்த விதத்தையும், இத்தகைய பழைய யந்திரத்தை வீட்டிலேயே பேணும் முறையையும் வாசகர்களுக்குச் சொல்லவே இதனை எழுதுகிறேன்.

துறைமுகத்தோடு வந்த வண்டி

இரண்டாம் உலகப் போரின்போது திருகோணமலை பிரித்தானியக் கடற்படையின் பெருந்தளங்களுள் ஒன்றாக விளங்கியது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கிய வரலாற்றை இவ்வூரில் அறியாதார் இலர். அப்போரில் பிரித்தானியப் படைகள் மிகுதியாகப் பயன்படுத்திய மோட்டார் சைக்கிள்களுள் ஒன்று பி.எஸ்.ஏ. எம் 20 என்பது. 1861இல் பேர்மிங்ஹாம் நகரில் துப்பாக்கித் தொழிலாளர் ஒன்றுகூடித் தொடங்கிய கம்பனியின் தயாரிப்பு அது. ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகளே அக்கம்பனியின் சின்னம். போருக்கென ஏறக்குறைய 126,000 எம் 20 வண்டிகள் செய்யப்பட்டன. செய்தி கொண்டு ஓடுவோரும், படை வாகன வரிசைக்கு வழிகாட்டுவோரும் அவற்றில் ஏறிச் சென்றனர்.

1957இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்து நீங்கினர். கப்பற்றுறைத் தொழிற்கூடத்தில் பொருத்துநராகப் பணிபுரிந்த என் அப்பப்பா, தாயகம் திரும்பிய ஆங்கிலேயர் ஒருவரிடமிருந்து இவ்வண்டியை அப்போது வாங்கினார். எஞ்சினின் பக்கத்தில் 'டபிள்யூ. எம். 20' என்ற எழுத்துகள் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. போர்க்கால உற்பத்திக்குரிய அடையாளம் அது.

பின்னர் வந்த இறக்குமதிக் கட்டுப்பாட்டு ஆண்டுகளில் புதிய வண்டி வாங்குவது எளிதாயிருக்கவில்லை. இருப்பதைப் பழுதுபார்த்து ஓட்டுவதே வழியாயிற்று. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் ஜப்பானிய வண்டிகள் தெருவை நிறைத்தன. 1973இல் பி.எஸ்.ஏ. கம்பனி தன் தனி வாழ்வையே இழந்துவிட்டிருந்தது. ஆயினும் எங்கள் கொட்டிலில் வண்டி நின்றது. அப்பப்பாவின் கையிலிருந்த ஸ்பானர் அப்பாவின் கைக்கும், பின்னர் என் கைக்கும் வந்தது.

மாணவர்க்கு ஒரு கணக்கு

இவ்வண்டியின் சிறப்பு அதன் எளிமையே. ஒரே சிலிண்டர்; அதன் விட்டம் 82 மில்லிமீற்றர்; பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 94 மில்லிமீற்றர். மாணவர்கள் உருளையின் கனவளவைக் காணும் சூத்திரத்தில் இவ்விரு எண்களையும் இட்டுப் பார்க்கட்டும். 496 கன சென்ரிமீற்றர் என்று விடை வரும். எஞ்சினின் அளவு என்று புத்தகங்களில் காண்பது அதுவே. இவ்வளவு பெரிய உருளை தருவது ஏறக்குறைய 13 குதிரைவலுவே. இன்றைய சிறிய வண்டிகளே அந்த வலுவைத் தந்துவிடும். ஆனால் எம் 20 அவசரப்படாது. மணல் வழியிலும் மேட்டிலும் மெல்ல மெல்ல இழுத்துச் செல்லும்.

வால்வுகள் சிலிண்டரின் தலைக்கு மேல் இராமல் பக்கவாட்டில் அமைந்துள்ளன. ஆகையால் தலைமூடியைக் கழற்றுவது வீட்டு முற்றத்திலேயே செய்யக்கூடிய வேலை. உள்ளே படிந்த கரியை மரத்துண்டினால் சுரண்டி எடுக்க வேண்டும். பிஸ்டன் அலுமினியத்தாலானது, இரும்புக் கருவி பட்டால் கீறிவிடும்.

தீப்பொறிக்கு இவ்வண்டி பற்றரியை நம்பியிருப்பதில்லை. 'மக்னெற்றோ' என்னும் கருவி, காந்தத்தினிடையே கம்பிச்சுருளைச் சுழற்றித் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. பள்ளியில் பரடேயின் விதியைப் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் வேறில்லை.

உப்பின் கைவரிசை

வண்டி ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதே எங்கள் ஊரில் அதிகம். மூன்று பக்கமும் கடல், காற்றெல்லாம் உப்பு. வாடைக் காலத்தில் ஈரமும் சேர்ந்துகொள்ளும். துரு முதலில் சக்கரக் கம்பிகளிலும், புகைக்குழாயிலும், பெற்றோல் தாங்கியின் உட்புறத்திலும் தலைகாட்டும். அப்பப்பா வகுத்த முறையை நாங்கள் இன்றும் மாற்றவில்லை.

கடலோரமாகச் சென்று திரும்பியதும் நன்னீரால் கழுவுதல் வேண்டும். கழுவியபின் சிறிது தூரம் ஓட்டினால் எஞ்சினின் சூட்டில் ஈரம் உலரும். பின்னர் சக்கரக் கம்பிகளை எண்ணெய் தோய்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். பின்செயினை மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தி மீண்டும் எண்ணெயிட வேண்டும். முன்கவையின் மூட்டுகளில் கிறீஸ் ஏற்றும்போது, பழைய கிறீஸ் வெளியே பிதுங்கி வரும்வரை ஏற்றுதல் நன்று; உள்ளே புகுந்த உப்புநீரும் அதனோடு வெளியேறும்.

மூடி வைப்பதற்குப் பிளாஸ்ரிக் விரிப்பைப் பயன்படுத்துவோர் பலர். அது உள்ளே வியர்த்து, துருவை வளர்க்கும். பழைய பருத்திச் சேலையே சிறந்த போர்வை. எங்கள் வண்டி மூன்று தலைமுறைச் சேலைகளைப் போர்த்திய பெருமை உடையது.

மாதக்கணக்கில் நின்ற வண்டியை உடனே உதைத்து இயக்கலாகாது. இதன் எஞ்சின் எண்ணெய் தனியான தாங்கியில் இருப்பது. நெடுநாள் நின்றால் அது மெல்லக் கசிந்து எஞ்சினின் அடிப்பகுதியில் நிறைந்துவிடும். அடியிலுள்ள அடைப்பைத் திறந்து அதனை வடித்து, தாங்கியில் எண்ணெயின் அளவைச் சரிசெய்த பின்னரே இயக்க வேண்டும். இயங்கத் தொடங்கியதும் தாங்கியின் மூடியைத் திறந்து, எண்ணெய் திரும்பி வந்து விழுகிறதா என்று பார்ப்பதும் அவசியம். அது வராவிடின் எஞ்சினை அக்கணமே நிறுத்திவிட வேண்டும்.

பொருந்தாத ஸ்பானர்

பழைய ஆங்கில வண்டியைக் கெடுத்தவற்றுள் முதலிடம் பெறுவது பொருந்தாத ஸ்பானர். இவ்வண்டியின் போல்ட்டுகளும் நட்டுகளும் மில்லிமீற்றர்க் கணக்கில் அமைந்தவை அல்ல. ஜோசப் விற்வேர்த் என்பார் 1841இல் வகுத்த புரி அளவையும், சைக்கிள் தொழிலுக்கென வந்த வேறொரு புரி அளவையும் பின்பற்றியவை. விற்வேர்த் ஸ்பானரில் பொறித்துள்ள எண், நட்டின் அகலத்தைக் குறிப்பதில்லை. போல்ட்டின் தடிப்பைக் குறிப்பது. இதனை அறியாதவர் கைக்குக் கிடைத்த ஸ்பானரை மாட்டித் திருகி, நட்டின் முனைகளை மழுக்கிவிடுவர். பின்னர் உளியும் சுத்தியலும் வரும்; அத்துடன் காரியம் கெடும்.

இறுகிய நட்டுக்கு மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் கலந்து இட்டு, ஓர் இரவு பொறுத்திருப்பதே நல்ல மருந்து.

நடுவழியில் நின்ற மர்மம்

இனி, சென்ற ஆண்டுக் கதைக்கு வருவோம். கச்சான் காற்று அனலாய் வீசிய ஒரு நாள், நிலாவெளி வீதியில் வண்டி திடீரென நின்றது. உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்தது. அரை மணி நேரம் மரநிழலில் நின்றபின், ஒன்றும் நடவாதது போல் இயங்கியது. அடுத்த வாரமும் அவ்வாறே. பெற்றோல் வழியில் அழுக்கு என்று முடிவு கட்டி, காபரேற்றரை மூன்று முறை கழற்றிக் கழுவினேன். பயனில்லை. விடுதிக்காரர் விலை பேச வந்ததும் அந்த வாரத்திலேதான்.

உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படிக்கும் என் மகள் அப்போது ஒன்று சொன்னாள்: "அப்பா, நீங்கள் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் கழற்றுகிறீர்கள். எது காரணம் என்று எப்படித் தெரியும்? ஒரு நேரத்தில் ஒன்றைமட்டும் பார்ப்போம்."

ஒரு கொப்பி எடுத்தாள். எத்தனை நிமிடம் ஓடியபின் நின்றது, வெயில் எப்படி, எத்தனை நிமிடம் கழித்து மீண்டும் இயங்கியது என்று குறித்தாள். காலைக் குளிரில் வண்டி நெடுநேரம் ஓடியது. நண்பகலில் 20 நிமிடத்தில் நின்றது. அடுத்த முறை நின்றபோது முதலில் பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்தோம். மூடியிலுள்ள காற்றுத்துளை அடைபட்டால் பெற்றோல் இறங்காது நின்றுவிடும்; திறந்தால் வண்டி இயங்கும். இயங்கவில்லை. குழாயைக் கழற்றிப் பார்த்தோம். பெற்றோல் தாராளமாக வந்தது. குழாயை மீண்டும் பூட்டி, சிந்திய பெற்றோலைத் துடைத்து, அது முற்றாக உலரும்வரை காத்திருந்தோம். பிறகு பிளக்கைக் கழற்றினோம். அது பெற்றோலில் நனைந்திருந்தது. எரிபொருள் வருகிறது, எரியவில்லை. பிளக்கை எஞ்சினின் உலோகத்தில் படவைத்து உதைத்தபோது தீப்பொறி காணவில்லை. அரை மணி நேரத்தின் பின் அதே பிளக்கில் நீலப்பொறி பளிச்சிட்டது!

குற்றவாளி மக்னெற்றோவுக்குள் ஒளிந்திருந்த 'கண்டென்சர்' என்னும் சிறு உறுப்பு. முதுமையால் தளர்ந்து, சூடேறியதும் மின்னைக் கசியவிட்டது, குளிர்ந்ததும் சரியாயிற்று. பழைய மக்னெற்றோக்களுக்கு, சிறப்பாக வெப்ப நாடுகளில், இது வழமையான நோய். சுருளுக்குள் பொதிந்திருப்பதால் இதனை வீட்டில் மாற்ற நாங்கள் துணியவில்லை. கொழும்பில் இவ்வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் புதுப்பித்தோம். எதை வீட்டில் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்று அறிவதும் பழுதுபார்க்கும் கலையில் ஒரு பகுதியன்றோ?

வீட்டார் அறிய வேண்டிய அபாயங்கள்

வெறும் பெற்றோல் தாங்கி நிறைந்த தாங்கியைவிடக் கொடியது. உள்ளே நிற்கும் ஆவி ஒரு பொறியில் வெடிக்கும். அதன் அருகே அடுப்போ, சிகரட்டோ, ஒட்டு வேலையோ கூடவே கூடாது. பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் இருத்தல் கூடும். அத்தூளை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து, துணியையும் பையிலிட்டு அகற்ற வேண்டும். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கலாம். உலர நிலையில் தேய்த்தல் தகாது. சிறு பிள்ளைகளை அவ்வேளை அப்பால் வைத்திருங்கள்.

இயக்கும்போதும் ஒரு முறை உண்டு. தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளும் நெம்பை முதலில் நகர்த்த வேண்டும். மறந்தால் உதைமிதி திருப்பி உதைக்கும், கணுக்கால் முறியும். அப்பப்பா இரண்டு மாதம் நொண்டியதை அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஏன் வைத்திருக்க வேண்டும்?

இவ்வளவு தொல்லை எதற்கு என்று கேட்பவர் உளர். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தார் சொட்டுப் பெற்றோலில் இயக்கி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினர். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. பல ஆண்டுகள் அத்தடை நீடித்தது. 2022இல் பெற்றோல் பங்கீடு வந்தபோது, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று தொடங்கினார்கள். 99 பெரிய எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் சீனக்குடாவுக்கு அருகிலேயே நாங்களும் வரிசையில் நின்றோம். அத்தகைய காலங்களில் மக்களைக் காத்தது பழுதுபார்க்கத் தெரிந்த கைகளே. அந்த அறிவு கடையில் கிடைப்பதன்று. ஒரு கையிலிருந்து மறுகைக்கு வருவது. இடையில் ஒரு தலைமுறை கைநழுவவிட்டால் வண்டி மட்டும் எஞ்சும். விடுதி முகப்பில் நிற்கும்.

விடுதிக்காரர் மறுமுறை வந்தபோது வண்டி முற்றத்தில் இருக்கவில்லை. அப்பாவைப் பின்னால் இருத்திக்கொண்டு நான் உப்புவெளி வரை சென்றிருந்தேன். "விற்பதற்கில்லை" என்று மகளே அவருக்கு விடை கூறி அனுப்பிவிட்டாள். அவள் தொடங்கிய கொப்பி இப்போது ஸ்பானர்ப் பெட்டியில் இருக்கிறது. அதில் கடைசியாக எழுதியிருப்பது: "வாடை தொடங்குமுன் பின்செயின் மாற்ற வேண்டும்."