கதிர் வைக்காத மக்காச்சோளம்

காரைக்காலை அடுத்த வரிச்சிக்குடி நெல் விளையும் பூமி. அந்த ஊருக்கும் மக்காச்சோளத்துக்கும் என்ன சம்பந்தம்? கடையில் வாங்கும் முட்டைதான் சம்பந்தம்! முட்டைக்குப் பெயர் போன நாமக்கல்லில் கோழிகளின் முக்கியமான தீனி மக்காச்சோளம். அது விளையாவிட்டால் முட்டை விலை ஏறும்.

அந்தப் பயிருக்கு ஓர் எமன் உண்டு. பெயர், அடிச்சாம்பல் நோய்.

இளம் பயிரின் இலை வெளிறி, மஞ்சள் கோடு விழும். விடியற்காலையில் இலையைத் திருப்பிப் பார்த்தால், மாவு தூவியதுபோல் வெள்ளையாக இருக்கும். பயிர் பச்சையாகவே நிற்கும். கதிர் மட்டும் வைக்காது. பூ வர வேண்டிய உச்சியில்கூட இலைக் கொத்து வரும். உரம் போட்டு, களை எடுத்துக் காத்திருந்த குடியானவருக்கு மிஞ்சுவது வெறும் தட்டைதான்.

காளான் அல்ல!

பார்வைக்கு இது காளான் இனம். உண்மையில் கடல் பாசிக்குத் தூரத்துச் சொந்தம். 1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழுகச் செய்து, பெரும் பஞ்சத்தை உண்டாக்கியதும் இந்தக் குடும்பந்தான். காளானைக் கொல்லும் மருந்துகள் பல இதனிடம் பலிப்பதில்லை. பலிக்கும் மருந்தும் நாளடைவில் கிருமிக்குப் பழகிவிடும்.

ஆகவே, நோயைத் தாங்கும் விதையைத் தேடினார்கள். மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். ஆசியாவில் இது புகுந்த வீட்டில் பிடித்த நோய். மருந்தும் புகுந்த வீட்டிலேயே கிடைத்தது! பிலிப்பைன்ஸ் நாட்டில் சில ரகங்கள் நோயைத் தாங்கி நின்றன. தாய்லாந்து நிபுணர்கள் அவற்றைத் தங்கள் மக்காச்சோளத்துடன் ஒட்டுச் சேர்த்து, 1975-ல் 'சுவான்-1' ரகத்தை வெளியிட்டார்கள்.

நோய்க்கு விருந்து

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் இந்த வேலை நடக்கிறது. முறைதான் விசித்திரம். நோயை விரட்டுவதில்லை, விருந்து வைத்து அழைக்கிறார்கள்!

எளிதில் நோய் பிடிக்கும் மக்காச்சோளத்தை முதலில் வரிசையாக விதைப்பார்கள். அது நோய் கண்டு வெளுத்ததும், பக்கத்தில் சோதனை ரகங்களை விதைப்பார்கள். இரவுப் பனியில் நோய் வித்துக்கள் பறந்து வந்து இளம் பயிர்மேல் விழும். தப்பி நிற்பவை மட்டுமே தேறியவை.

பிறகு கல்யாணம். கதிரில் பட்டு நூல் தலை காட்டுமுன் காகிதப் பையால் மூடிவிடுவார்கள். கண்ட மகரந்தமும் படக்கூடாது அல்லவா? வேண்டிய செடியின் மகரந்தத்தை மட்டும் கொண்டுவந்து தூவுவார்கள். ஒரு தடவையில் முடியும் காரியமல்ல இது. பல குணங்கள் ஒன்றுசேர்ந்தால்தான் நோயைத் தாங்கும் சக்தி வரும். அதற்குப் பல பருவங்கள் ஆகும்.

இப்படி உருவான ரகங்களில் ஒன்று, 2012-ல் வெளியான கோ.எச்.(எம்) 6. இது வீரிய ஒட்டு ரகம். இதில் விளைந்ததை எடுத்துவைத்து மறுபடி விதைத்தால் குணம் மாறிவிடும். ஒவ்வொரு பருவத்துக்கும் புது விதைதான் வாங்க வேண்டும்.