மூன்று இதழ் வேண்டிய இடத்தில் இரண்டு

1997-ல் நடிகர் அர்னால்டு ஷ்வார்ஸ்நேகருக்கு நெஞ்சைத் திறந்து அறுவை சிகிச்சை செய்தபோது அவருக்கு வயது 49. அந்த உடம்புக்கா இதய நோய் என்று ஊர் வியந்தது. ஊக்க மருந்தின் வேலை என்று கதை கட்டியவர்களும் உண்டு. உண்மையில் அது பிறவிக் கோளாறு. இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் மகாதமனி வால்வில் மூன்று இதழ்கள் இருக்க வேண்டும். அவருக்கு இரண்டுதான் இருந்தன.

நூறு பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு இப்படி அமைகிறது. பெரும்பாலோர் நாற்பது, ஐம்பது வயது வரை அது தெரியாமலே ஓடியாடுகிறார்கள். பிறகு இதழ்களில் சுண்ணாம்பு படிந்து வாசல் சுருங்கும், அல்லது இதழ் சரியாக மூடாமல் ரத்தம் கசியும். மாடி ஏறினால் மூச்சிரைப்பு, நெஞ்சு வலி, திடீர் மயக்கம் வரும். ‘வயசாகிவிட்டது’ என்று சொல்லித் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

சுருங்கிய வால்வை விரிக்க மாத்திரை கிடையாது. ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்து, டாக்டர் சொல்லும் இடைவெளியில் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துக் காத்திருப்பதும் சிகிச்சைதான். மகாதமனியும் வீங்கக்கூடும் என்பதால் அதையும் அளக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளுக்கும் ஒரு எக்கோ எடுத்துவிடுவது நல்லது.

மாற்றியே தீரவேண்டும் என்றால், எந்த வால்வு என்ற கேள்வி வரும். மாடு, பன்றித் திசுவில் செய்தது பத்துப் பதினைந்து ஆண்டில் தேயும். இளம் வயதில் இன்னும் சீக்கிரம். உலோக வால்வு நீடிக்கும், ஆனால் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை வேண்டும். அந்த மாத்திரைகள் கருவைப் பாதிக்கக்கூடும். குழந்தை வேண்டும் என்ற பெண், அதை அறுவைக்கு முன்பே டாக்டரிடம் பேசிவிட வேண்டும். அர்னால்டுக்குச் செய்தது ராஸ் முறை: அவருடைய நுரையீரல் தமனி வால்வையே எடுத்து மகாதமனியில் வைத்தார்கள். 2018-லும் 2020-லும் மறுபடி வால்வு மாற்ற வேண்டியிருந்தது. பணமும் புகழும் இருந்தாலும் ஒரே அறுவையோடு முடியும் என்ற உத்தரவாதம் இல்லை.

வெளிநாட்டு வால்வின் விலை எட்டாதவர்களுக்காகத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் வலியத்தானின் குழு உழைத்தது. மூன்று மாதிரிகள் தேறவில்லை. நான்காவது, 1990 டிசம்பரில் முதன்முறையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதுதான் ‘சித்ரா வால்வு’.

அறுவை முடிந்தபின்தான் நோயாளியின் வேலை தொடங்குகிறது. ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று, ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரையை நிறுத்தினால் உலோக வால்வில் ரத்தம் கட்டி பக்கவாதம் வரலாம். அளவு கூடினால் ரத்தக்கசிவு. அதனால்தான் ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை. மாத்திரையின் வேகத்தைக் குறைக்கும் என்று கீரையை அறவே விலக்கத் தேவையில்லை; ஒரு வாரம் தினமும், மறுவாரம் துளிகூட இல்லை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுவதுதான் சிக்கல். வலி மாத்திரையோ நாட்டு மருந்தோ, கேட்காமல் எடுக்கக் கூடாது. பல் பிடுங்கப் போனால் செயற்கை வால்வு இருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: ஈறு வழியே நுழையும் கிருமி வால்வில் குடியேறாமல் தடுக்க, முன்கூட்டியே ஆன்டிபயாடிக் தருவார்கள்.