ரொட்டியும் ஏற்றமும்

உடல்நலம் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் நகரத்து மனிதனையே கண்முன் நிறுத்திக்கொண்டு எழுதுகின்றனர். காரில் ஏறிக் கந்தோருக்குப் போய், அந்திவரை நாற்காலியில் அமர்ந்திருந்து, மீண்டும் காரிலேறி வீடு திரும்பும் அவனுக்கு “நட” என்று சொல்வது பொருத்தமே. ஆனால், டிக்கோயாவிலே நாலாயிரம் அடி உயரத்தை ஒட்டிய சரிவொன்றில், பதினெட்டுக் கிலோ கொழுந்து சேர்ந்தால்தான் முழுப்பேர் என்ற கணக்கில், மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று பறிக்கும் தாயொருத்தியிடம் போய், “நாளுக்கு அரைமணி நேரம் நடவுங்கள், அம்மா” என்று உபதேசித்தால், அவள் சிரிக்காமல் என் செய்வாள்? பழைய பத்திரிகைகள் ‘தேகாப்பியாசம்’ என்று பெருமையோடு எழுதிய காரியத்தை, அதன் பெயரறியாமலே காலைமுதல் மாலைவரை செய்துகொண்டிருப்பவள் அவள்.

அத்தகையவளுக்கும் நடுவயதில் நீரிழிவு வருகிறது, குருதியமுக்கம் உயர்கிறது. அவள் கொழுந்து பறித்துப் படிக்கவைத்த மகன் ஆசிரியனாகி, நாற்பதை எட்டுமுன்னரே அந்நோயை வாங்கிக்கொள்வதையும் காண்கிறோம். 2008 இல் வெளியான நாடளாவிய ஆய்வொன்று, இலங்கையில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 10.3 பேருக்கு நீரிழிவு உண்டெனக் கண்டது. நகரங்களில் அது 16.4 ஆக இருந்தது. இந்நோய் உண்டு கொழுத்தவரின் நோய் என்று எண்ணியிருந்த நமக்கு, உண்ணாமல் மெலிந்த சமூகம் ஒன்றினுள் அது எப்படிப் புகுந்தது என்பது ஆராயத்தக்க கேள்வியாகும்.

முதலில் ரொட்டியைப் பார்ப்போம். தோட்டங்கள் தோன்றிய காலந்தொட்டுத் தொழிலாளிக்குத் தோட்டமே அரிசி வழங்கிக் கூலியிற் கழித்துக்கொண்டது. இரண்டாம் உலகப் போரில், 1942 இல், பர்மா ஜப்பானியர் கையில் வீழ்ந்து அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோகவே, பங்கீட்டின் வழியாகக் கோதுமை மா லயங்களுக்குள் அழுத்தமாகக் கால்வைத்தது. போர் முடிந்தும் அது வெளியேறவில்லை. 1980 இல் திருகோணமலையில் பெரும் மா ஆலை இயங்கத் தொடங்கியபின், அது நாடு முழுவதற்கும் அன்றாட உணவாயிற்று.

ரொட்டியைப் பழிப்பது எளிது. அதனைச் செய்யும் கையின் அவசரத்தை உணர்வது அரிது. விடியுமுன் எழுந்து, பிள்ளைகளை ஆயத்தப்படுத்தி, பிரட்டுக்கு நேரத்தோடு போய்ச் சேரவேண்டியவளுக்கு, உப்பும் தேங்காய்ப்பூவும் சேர்த்துப் பிசைந்து கனமாகத் தட்டிய ரொட்டியைவிட உதவியான உணவு எது? கறி வேண்டாம், சம்பல் போதும். சேலைத் தலைப்பில் முடிந்து மலைக்குக் கொண்டுபோகலாம். நண்பகல்வரை பசி தாங்கும். நூறு கிராம் கோதுமை மாவில் ஏறக்குறைய 350 கலோரி சக்தி உண்டு. அத்தகைய ரொட்டி மூன்று உண்டு மலையேறுபவள், அச்சக்தியை அந்த மலைக்கே கொடுத்துவிடுகிறாள். அந்த வாழ்க்கைக்கு அந்த உணவு கணக்காகவே அமைந்தது. அதிற் குறைந்தவை புரதமும் கீரையும் காயுமே.

கணக்குப் பிழைப்பது ஏற்றம் நின்றபோது. இதனை விளங்கிக்கொள்ள இலண்டன் மாநகரம்வரை சற்றுப் போய்வருதல் நன்று. அந்நகரின் இரட்டைத்தட்டு பஸ் வண்டிகளிற் பணியாற்றியோரை ஜெரி மொறிஸ் என்னும் மருத்துவ அறிஞர் ஆராய்ந்து, 1953 இல் தம் முடிவை வெளியிட்டார். ஒரே வண்டி, ஒரே வீதி. ஆயினும் நாள் முழுதும் அமர்ந்து வண்டியோட்டிய சாரதிகளைவிட, படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாகவே வந்தது. சில ஆண்டுகளின்பின் அவருடைய குழுவினர் சீருடைப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தபோது, சாரதிகளின் காற்சட்டை இடுப்பளவே பெரிதாயிருக்கக் கண்டனர். தையற்காரனின் அளவுநாடா வைத்தியருக்குச் சாட்சி சொன்ன விந்தை இது.

நம் தோட்டங்களிலும் அந்தச் சாரதிகள் பெருகிவிட்டனர். ஹட்டனிலும் நோர்வூட்டிலும் கடை வைத்தோர், முச்சக்கர வண்டி ஓட்டுவோர், கந்தோர்களில் எழுதுவோர் ஆகிய அனைவரும் மலையிலிருந்து இறங்கியவர்களே. இவர்களுள் ஆசிரியரே முதன்மையானவர். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபின், 1980களிலிருந்து, லயங்களிற் பிறந்தோர் ஆயிரக்கணக்கில் ஆசிரியராயினர். சமூகத்தின் தலைநிமிர்வு அது. ஆனால் அவர்கள் தாயின் தட்டை அப்படியே சுவீகரித்துக்கொண்டனர். தாயின் மலையைச் சுவீகரிக்கவில்லை. காலையில் அதே மூன்று ரொட்டி, இடைவேளையிற் பணிஸும் பால்தேநீரும், பகலிற் குவித்த சோறு, இரவில் மீண்டும் ரொட்டி. லயத்திலிருந்து பாடசாலைவரை முன்னர் நடந்த மூன்று மைல் ஏற்றத்தையும் முச்சக்கர வண்டி தின்றுவிட்டது.

தேநீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலகம் விரும்பி அருந்தும் தேயிலை விளையும் மலையில், விளைவிப்போர் குடிப்பது தூளின் கடைசித் தரம். அதன் கசப்பை மறைக்கச் சீனி வேண்டியிருக்கிறது. கோப்பைக்கு இரண்டு கரண்டி வீதம் ஐந்து கோப்பை குடிப்பவர், நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது கிராம் சீனியைத் தேநீரில் மட்டுமே உட்கொள்கிறார். 25 கிராமுக்குள் நிற்பது சிறந்தது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. தேநீர் குற்றமற்றது.

இவ்வளவோடு காரணம் முடிந்துவிடவில்லை. 1973, 1974 ஆம் ஆண்டுகளை மலையகத்து முதியோர் இன்னும் மறந்திலர். உலகச் சந்தையில் தானிய விலை ஏறி, பங்கீட்டு அரிசி குறைக்கப்பட்டு, மாவட்டம்விட்டு மாவட்டம் அரிசி கொண்டுசெல்வதும் தடுக்கப்பட்டபோது, வயலோ காணியோ இல்லாத தோட்டமக்களே பெரிதும் பட்டினியுற்றனர்; தோட்டங்களில் மரணவீதம் திடீரென உயர்ந்தது. அன்று கருவிலிருந்தோர் இன்று ஐம்பதைக் கடந்தவர்கள். ஒல்லாந்தில் 1944–45 குளிர்காலப் பஞ்சத்தின்போது தாய்வயிற்றிலிருந்தவர்களை ஐம்பது வயதளவில் சோதித்தபோது, அவர்களுடைய உடல் சீனியைக் கையாளும் வலிமை குன்றியிருக்கக் கண்டனர். பசித்த கருப்பை, குறைந்த உணவுக்கே உடலைப் பழக்கி அனுப்புகிறது. அந்த உடல் பிற்காலத்தில் மிகுதியைச் சந்திக்கும்போது தடுமாறுகிறது. மலையகத்து நடுவயதினரை நோக்கி, “நாவைக் கட்டாத குற்றம்” என்று விரல் நீட்டுவோர் இதனைச் சிந்திப்பார்களாக.

இக்காரணத்தாலேயே நம்மவரின் எடையை ஐரோப்பியர் அளவுகோலால் அளக்கலாகாது. கிலோவிற் கண்ட எடையை, மீற்றரிற் கண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் எண் 25 ஐத் தாண்டினால் மிகை என்பது பொதுவிதி. ஆசிய மக்களுக்கோ 23 இலேயே விழித்துக்கொள்ளவேண்டும் என்று 2004 இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு கூறிற்று. கைகால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளியிருக்கும் உடலமைப்பு நம்மிடையே சாதாரணம். அதனைத் தராசு காட்டிக்கொடுப்பதில்லை, நாடா காட்டிக்கொடுக்கும். தென்னாசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றரையும், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் எட்டாதிருத்தல் நலம்.

செய்யக்கூடியது யாது? சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வு நமக்கு மிக அணுக்கமானது. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேர். சராசரி வயது நாற்பத்தாறை ஒட்டியது. மூன்றாண்டு முடிவில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்காரராயினர். உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களில் 39 பேரே ஆயினர். 2006 இல் வெளியான இம்முடிவில் நம் நெஞ்சிற்கு ஆறுதலான செய்தியொன்றும் உண்டு: எடை பெரிதாகக் குறையாதபோதும் இப்பயன் கிட்டிற்று. எடை இறங்கவில்லையே என்று இரண்டாம் வாரத்திற் சலித்து, பழைய தட்டுக்கே திரும்புவோர் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

வள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் ஒரு மூலிகையின் பெயரையும் சொல்லாது, முன்னுண்டது செரித்தபின் அளவறிந்து உண்பதையே வற்புறுத்திச் சென்றார். ஆகவே ரொட்டியைத் துறக்கவேண்டியதில்லை. மூன்றை ஒன்றரையாக்கி, குறைந்த இடத்தைப் பருப்பு, பயறு, கடலை, நெத்தலி, முட்டை என்பவற்றாலும் மரக்கறியாலும் நிரப்பினாற் போதும். மாவிற் பாதிக்குக் குரக்கன் மா சேர்க்கலாம். கரட்டும் கோவாவும் லீக்ஸும் லொறி லொறியாக நுவரெலியாவிலிருந்து கீழே இறங்க, மேலே இருப்பவர் மரக்கறியின்றி உண்பது பெரும் முரண். நாட்கூலியில் வாழ்பவருக்கு இவற்றின் விலை பாரமே என்பதை மறுக்க முடியாது. லயத்தின் பின்புறத்துத் துண்டுநிலத்தில் வல்லாரையும் பொன்னாங்காணியும் போஞ்சியும் வைத்துக்கொள்வோர் இன்றும் அதைக்கொண்டே சமாளிக்கின்றனர். மாதச் சம்பளம் பெறும் ஆசிரியருக்கு அச்சாக்கு இல்லை. பாடசாலைக்கு ஒரு மைல் முன்னதாகவே வண்டியை விட்டிறங்கி ஏற்றத்தில் நடப்பதற்கும் அவருக்குக் காசு செலவில்லை.

வேலையிலிருந்து நின்ற பெண்களின் நிலைமை இன்னொரு வகையானது. ஐம்பது வயதில் சேமலாப நிதியைப் பெற்றுக்கொண்டு மலையை விடும்போது, முப்பது ஆண்டு உழைத்த தசை சில ஆண்டுகளிலேயே கரையத் தொடங்குகிறது. முழங்கால் வலியென்று லயத்துள் அமர்ந்துவிட்டால் கரைவு விரைவாகிறது. தோட்டத்துக் கோயில்வரை நாள்தோறும் ஏறியிறங்குதலும், தண்ணீர் சுமத்தலும், காய்கறிப் பாத்தி கொத்துதலும் அத்தசையைக் காக்கும்.

டிக்கோயா கிளங்கனில் இந்திய உதவியுடன் 150 கட்டில்களோடு எழுந்த வைத்தியசாலையை இந்தியப் பிரதமர் 2017 மே 12 ஆம் திகதி திறந்துவைத்தார். நோய் முற்றியவருக்கு அது பெரும் புகல். ஆனால் அறிகுறியில்லாத நீரிழிவைக் கண்டறியும் சோதனைக்காக ஒரு வேலைநாளை விட்டால், அன்றைய பேர் போய்விடும். அதனால் நாற்பது வயதுப் பெண், காலிற் புண் ஆறாதபோதே முதன்முதலாக அங்கு போகிறாள். வைத்தியர் அவளைத் தேடிப் பிரட்டுக்களத்துக்கு வருவதே நியாயம். பேர்ப் பதிவுக்கு எல்லோரும் கூடும் அந்த வேளையில், விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து, கையிற் பட்டை கட்டிக் குருதியமுக்கம் பார்த்து, இடுப்பில் நாடா வைத்தளக்க ஆளுக்கு ஐந்து நிமிடம் செல்லும். ஆண்டுக்கு ஒரு காலை அதற்கென விட்டுக்கொடுத்து, அன்றைய பேரையும் முழுதாகப் போட்டுக்கொடுக்குமாறு தோட்ட நிர்வாகங்களிடம் தொழிற்சங்கங்கள் கேட்கலாம். சம்பளப் பேச்சு நடக்கும் மேசையிலேயே இதனையும் வைக்கலாம்.